நம்பிக்கைக்குரிய மாப்பிள்ளை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: உலக வர்த்தகத்தின் பாதுகாப்பு இன்று முதல் நமது ஹேங்கர் கம்பெனியின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. கடல்களைத் தாண்டி நீளும் சரக்குச் சங்கிலியில் நாம் உடைக்க முடியாத ஒரு கண்ணி. ஆகவே ஊழியர்கள் இனிமேல் சிகரெட் பிடிக்கப் பின்கதவு வழியாகப் போகக் கூடாது.

முதலாளி இந்த அறிவிப்பை, கவிழ்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் மேல் ஏறி நின்று வாசித்தார். ஹேங்கர் வார்க்கும் இயந்திரங்கள் ஓடிய சத்தத்தில் உலக வர்த்தகமும் சங்கிலியும் யார் காதிலும் விழவில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ புண்ணியவான் இயந்திரத்தை நிறுத்தியதால் சிகரெட் மட்டும் தெளிவாக விழுந்தது. கூட்டம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கலைந்தது.

விஷயம் இதுதான். சுங்கத்துறையில் ஒரு திட்டம் இருக்கிறது. இன்னார் யோக்கியமான வணிகர், இவரை நம்பலாம் என்று அவர்கள் முடிவு கட்டினால் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அது கையில் இருந்தால் துறைமுகத்தில் நம் கண்டெய்னரை நிறுத்தி, திறந்து, கொட்டிக் கவிழ்த்துப் பார்க்காமல் அனுப்பிவிடுவார்கள். அதை வாங்க, நம் சரக்குப் பெட்டிக்குள் ஹேங்கரைத் தவிர வேறு எதையும் எவனும் நுழைக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டும். அதோடு, நமக்குப் பொருள் கொடுப்பவர்களும் யோக்கியர்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும். முதலாளியைக் கவிழ்த்தது இந்தக் கடைசி நிபந்தனைதான்.

முதலாளிக்குத் தொழிற்சாலையில் ‘உலகத்தரம்’ என்று பட்டப்பெயர். தண்ணீர்க் குழாயை மாற்றினாலும் “உலகத் தரம்” என்பார். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டாலும் “உலகத் தரம்” என்பார். ஆனால் இந்தச் சான்றிதழ் விஷயத்தில் அவருக்கு உள்ளூரப் பயம். அவரிடம் ஹேங்கர் வாங்கும் வெளிநாட்டுத் துணிக்கடைக்காரர்கள், அடுத்த வருடத்திலிருந்து சான்றிதழ் உள்ளவர்களிடம் மட்டுமே வாங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஓடுகிற இயந்திரங்களில் பாதி அவர்களுக்காகத்தான் ஓடின. சான்றிதழ் வராவிட்டால் பாதி இயந்திரங்களுக்குத் துணி போர்த்திவிட்டு, அவற்றின் பக்கத்தில் நிற்கிறவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பயத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி இன்னும் உரக்க “உலகத் தரம்” என்று சொல்வது.

வழிகாட்ட ஓர் ஆலோசகர் வந்து சேர்ந்தார். சுங்கத்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் கொத்தாக அடையாள அட்டைகள் தொங்கின. ஒன்றுகூட இப்போது செல்லாது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

“சார், அவங்க நம்மள நம்பணும்னா, நாம யாரையும் நம்பக் கூடாது.”

“யாரையுமா?”

“யாரையும். உங்களையே நீங்க கொஞ்சம் தள்ளி வெச்சுத்தான் பாக்கணும்.”

முதலாளி இதைக் கேட்டுப் புல்லரித்துப் போனார். அடுத்த வாரத்துக்குள் மூலைக்கு மூலை கேமரா முளைத்தது. எல்லோருக்கும் படம் போட்ட அட்டை வந்தது. முதலாளியின் படத்தில் அவர் கண்ணை மூடியிருந்தார். திரும்ப எடுக்க நேரமில்லை. உலகம் ஆபத்தில் இருந்தது.

பொருள் கொடுப்பவர்களை விசாரிக்க ஆலோசகர் ஒரு கேள்விப் பட்டியலைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். முன்பு ஒரு ரசாயனக் கம்பெனிக்காகத் தயாரித்தது. ‘ரசாயனம்’ என்று இருந்த இடங்களில் ‘ஹேங்கர்’ என்று மாற்றியிருந்தார், மறந்துபோன இடங்களைத் தவிர.

“எல்லாருக்கும் அனுப்பிடும்மா” என்றார் முதலாளி, ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் பெண்ணிடம்.

“பிளாஸ்டிக் குருணைக்காரர், லாரிக்காரர், சரி. அட்டைப்பெட்டிக்காரருக்குமா சார்?”

“எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான்.”

“இல்ல சார், அவரு உங்க…”

“விதிவிலக்கு குடுத்தா அது என்னம்மா உலகத் தரம்? அனுப்பு!”

அவள் ஒரு பெருமூச்சு விட்டு அனுப்பினாள். அட்டைப்பெட்டிக்காரர் முதலாளியின் மாமனார்.

அன்று மாலை முதலாளி வீட்டுக்குள் நுழைந்தபோது தொலைக்காட்சி ஓடவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. மனைவி சோபாவில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். அனுபவசாலியான கணவன் இந்த இடத்திலேயே திரும்பி நடந்திருப்பான்.

“எங்கப்பாவுக்குக் குற்றப் பின்னணி இருக்கானு கேட்டீங்களாமே?”

“அது… பொதுவான கேள்விம்மா. எல்லாருக்கும் அதே கேள்விதான்.”

“எல்லாரும் உங்களுக்குப் பொண்ணு குடுத்தாங்களா?”

முதலாளி செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.

“பதினஞ்சு நாளைக்குள்ள பதில் வரலன்னா ‘அபாயகரமான கூட்டாளி’னு முடிவு பண்ணிடுவீங்களாம். அப்பா போன்ல படிச்சுக் காட்டறாரு. அம்மா பின்னாடி நின்னு, ‘நான் அன்னிக்கே சொன்னேன்’ங்கறாங்க.”

“என்னம்மா சொன்னாங்க அன்னிக்கு?”

“அது இப்ப எதுக்கு?”

மறுநாள் காலை மாமனார் நேரில் வந்தார். வாசலிலேயே காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

“ஐயா, அடையாள அட்டை?”

“ஏம்ப்பா, உன் கல்யாணத்துக்கு வந்து வாழ்த்திட்டுப் போனவன் நான்.”

“வந்தீங்கய்யா, மறக்கல. அட்டை எடுத்துட்டு வந்தீங்களா?”

கடைசியில் ‘பார்வையாளர் — துணையின்றி நடமாட அனுமதி இல்லை’ என்ற சிவப்பு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, துணைக்கு ஒரு ஆள் பின்தொடர, மாமனார் முதலாளியின் அறைக்குள் வந்தார். முதலாளி எழுந்து நின்றார். ஆலோசகர் எழவில்லை. கேள்விப் பட்டியலைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மாமனார் படிக்க ஆரம்பித்தார்.

“‘சரக்கு அறையின் சாவி யார் யாரிடம் உள்ளது?’ என்கிட்ட இருக்கு. என் பையன்கிட்டகூட கிடையாது. அடுத்தது. ‘ஊழியர்களின் குடும்பப் பின்னணியை விசாரித்தீர்களா?’ மாப்ள, என்கிட்ட கணக்குப் பாக்கறது யாரு?”

“அப்பா.”

“யாரோட அப்பா?”

“என்… எங்கப்பா.”

“ம். அவரு குடும்பத்த நல்லாவே விசாரிச்சேன். எல்லாரும் தங்கமான மனுஷங்க. பையன் ஒருத்தன்தான் சரியில்ல.”

மூலையில் கோப்போடு நின்ற ஏற்றுமதிப் பெண் அதனாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

“‘கசிவு ஏற்பட்டால் அக்கம்பக்கத்து மக்களை எப்படி வெளியேற்றுவீர்கள்?’ அட்டைப்பெட்டியில என்னய்யா கசியும்?”

முதலாளி ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தொண்டையைச் செருமினார். “பசை சார். பசை… கசியலாம்.”

“பசை கசிஞ்சா மக்கள் எங்கய்யா ஓடறது? ஒட்டிக்கிட்டு நிப்பாங்க!”

முதலாளி மேசையைச் சுற்றி வந்து மாமனாரின் கையைப் பிடித்தார். “மாமா, கோபப்படாதீங்க. கேள்வியெல்லாம் விடுங்க. கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு கையெழுத்து. இது இல்லாம சான்றிதழ் கிடைக்காது.”

மாமனார் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். அவர் முகத்தில் கோபம் போய், அதைவிட ஆபத்தான ஒரு சந்தோஷம் வந்திருந்தது.

“போட மாட்டேன்னு நான் சொல்லவே இல்லயே மாப்ள. என்னால போட முடியாது. உரிமையாளர் கையெழுத்துன்னு கேட்டிருக்கீங்க. கம்பெனி என் பேர்ல இல்ல.”

“பின்ன யார் பேர்ல?”

“கல்யாணத்தப்ப என்ன சொன்னீங்க? ‘எனக்கு ஒண்ணும் வேணாம் மாமா, உங்க பொண்ணு மட்டும் போதும்’னீங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சரி, மாப்பிள்ளைக்கு வேணாம்னா பொண்ணுக்கே இருக்கட்டும்னு கம்பெனிய அவ பேருக்கு மாத்திட்டேன். நீங்க குற்றப் பின்னணி விசாரிச்சது அவளத்தான்.”

சிவப்பு அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, துணைக்கு வந்த ஆளிடம் “வாப்பா, என்னை வெளிய கொண்டுபோய் விடு. தனியா நடமாட எனக்கு அனுமதி இல்ல” என்று சொல்லிக் கிளம்பினார்.

ஆலோசகர் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினார். “சார், பரிசோதனைக்கு வர்ற அதிகாரி, பொருள் குடுக்கறவங்கள்ல ஒருத்தரை நேர்ல கூப்பிட்டுக் கேப்பாரு. மேடம் சந்தோஷமா இருக்கறது நல்லது.”

மேடத்தைச் சந்தோஷப்படுத்தும் பணி அன்று மாலையே தொடங்கியது. முதலாளி கேட்காமலே பாத்திரம் கழுவினார். கழுவி முடித்துவிட்டு, ஈரக் கையோடு காகிதத்தை நீட்டினார்.

“இப்ப நான் வீட்டுல இருக்கேன். இது கம்பெனி விஷயம். அலுவலக நேரத்துல வாங்க” என்றாள் மனைவி.

“விளையாடாதம்மா.”

“நானா விளையாடறேன்? பாக்காம யாரையும் நம்பக் கூடாதுன்னு உங்க ஆலோசகர் சொன்னாராமே. நல்ல விஷயம். நாளைக்கு வந்து உங்க தொழிற்சாலையப் பாக்கறேன். பிடிச்சிருந்தா போடறேன் கையெழுத்து.”

மறுநாள் அவள் சிவப்பு அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். முதலாளி கையை வீசி வீசி, இயந்திரங்களைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார். அவள் பேச்சைக் கேட்கவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு கட்டு ஹேங்கரைச் செருகி வைத்திருந்தார்கள். வெளியே சுவரோரம் இரண்டு பேர் புகைவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதலாளியைப் பார்த்துப் பயப்படவில்லை. மேடத்தைப் பார்த்ததும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள்.

“இது என்னங்க?”

“அது… காத்து வர்றதுக்கு.”

அடுத்து கண்டெய்னர் முத்திரைகள். சரக்கை ஏற்றியபின் கண்டெய்னர் கதவில் மாட்டும் இரும்பு முத்திரை அது. ஒருமுறை பூட்டினால் வெட்டித்தான் எடுக்க முடியும், ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. அதை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பதாகச் சுங்கத்துறைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். சாவி கிடைக்கவில்லை. முத்திரைகள் முதலாளியின் மேசை இழுப்பறையில், தலைவலி மாத்திரைகளோடு கலந்து கிடந்தன.

பிறகு கேமராத் திரை. வாசல் தெரிந்தது. தேநீர் இயந்திரம் மிகத் துல்லியமாகத் தெரிந்தது. சரக்கு ஏற்றும் இடத்தைப் பார்க்க வேண்டிய கேமராவில் மட்டும் ஒரு வெள்ளைச் சுவரும், சுவரில் ஒரு ஆணியும் தெரிந்தன.

“இது என்ன ஆணி?”

முதலாளி கொஞ்சம் நெளிந்தார். “சான்றிதழ் மாட்டறதுக்கு. அதுக்குப் பாதுகாப்பு வேணாமா? அதான் கேமராவ இந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன்.”

“ஆணியத் திருடிட்டுப் போறதுக்கு ஆள் வரும்னு காத்திருக்கீங்க. அந்தப் பக்கம் சரக்கு போற வழியில யாரு வேணா எதை வேணா வைக்கலாம்.”

ஆலோசகர் குறுக்கே வந்தார். “மேடம், கோட்பாட்டு ரீதியா பாத்தீங்கன்னா…”

“நீங்க ஆணியப் பாத்துக்கங்க சார்” என்றாள் அவள்.

முதலாளி அவளைக் காரில் வீட்டுக்குக் கூட்டிப் போனார். சிக்னலில் வண்டி நின்றபோது, எதிரே தெரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இது வரலன்னா பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பணும். பேருங்களக்கூட எழுதி வெச்சிருந்தேன். அப்புறம் கிழிச்சுட்டேன்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “இத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? உலகத்தரம் உலகத்தரம்னு என் உயிர வாங்கினீங்களே.”

“அந்தப் பேரு உனக்கும் தெரியுமா?”

“அந்தப் பேர வெச்சதே நான்தான்.”

விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான்.

அவள் கையெழுத்துப் போட்டாள். ஆனால் அதற்கு முன்னால் நிறைய நடந்தது. பின்கதவுக்கு, திறந்தால் அலறும் மணி ஒன்று வந்தது. கேமரா ஆணியிடமிருந்து விடைபெற்றது. இரும்புப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி அவள் கைப்பைக்குள் போனது. கண்டெய்னர் கிளம்பும் நாட்களில் அவள் வந்து திறந்து, முத்திரையை எண் பார்த்துக் கொடுத்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பின்கதவை இழுத்துப் பார்த்தாள். புகைபிடிப்பவர்களில் இரண்டு பேர் மனமுடைந்து அந்தப் பழக்கத்தையே விட்டார்கள். மாமனாரைச் சமாதானப்படுத்தும் பொறுப்பை மாமியார் ஏற்றுக்கொண்டார். அது எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

பரிசோதனை நாள் வந்தது. அதிகாரி ஒல்லியானவர், அன்று அவருக்கு ஜலதோஷம். முதலாளி வரவேற்புரையில் உலக வர்த்தகத்தின் வரலாற்றைத் தொட்டார். அதிகாரி “ம்” என்றார். ஆலோசகர் திரையில் அம்புக்குறிகளாகப் போட்டுக் காட்டினார். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு “ம்” என்றார். சுற்றிப் பார்த்தார், பின்கதவைத் திறந்தார், மணி அலறியது, “ம்” என்றார். பிறகு உட்கார்ந்து, “அட்டைப்பெட்டி குடுக்கறவங்கள வரச்சொல்லுங்க” என்றார்.

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“இந்தக் கம்பெனிய எவ்வளவு காலமா தெரியும்?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

“ம்?”

“இவரு என் வீட்டுக்காரர் சார்.”

அதிகாரி கைக்குட்டையை மடித்து வைத்தார். முதல்முறையாக முழு வாக்கியம் பேசினார். “இதுதாம்மா எங்களுக்குப் பெரிய தலைவலி. சொந்தக்காரங்களா இருந்தா ஒருத்தர ஒருத்தர் சரிபாக்கவே மாட்டாங்க. கண்ண மூடிக்கிட்டு நம்பிருவாங்க. போன மாசம்கூட இதே காரணத்துக்கு ஒருத்தர நிராகரிச்சோம்.”

முதலாளியின் கண்முன் பாதி இயந்திரங்கள் துணி போர்த்திக்கொண்டன. ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னார்.

“நம்பறா சார்! என்னை முழுசா நம்பறா! இத்தன வருஷத்துல ஒரு கேள்வி கேட்டதில்ல சார்!”

ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

“யாரு, நானா?” என்றாள் மனைவி. “இவரையா?”

அதிகாரியின் பேனா நின்றது.

“சார், ராத்திரி கதவப் பூட்டிட்டேன்னு இவரு சொன்னா, நான் எழுந்து போய் இழுத்துப் பாத்துட்டுத்தான் படுப்பேன். பாதி நாள் பூட்டியிருக்காது. கேஸை மூடிட்டேன்னு சொன்னா, மோந்து பாத்துட்டுத்தான் விளக்கப் போடுவேன். இந்த முத்திரைங்கள எங்க வெச்சிருந்தாருன்னு கேளுங்க. வேணாம், கேக்காதீங்க. சாவி இப்ப என் பையில இருக்கு. எண்ணை நான் பாப்பேன், அப்புறம் ஏற்றுமதிப் பொண்ணு பாக்கும், அப்புறம்தான் பூட்டுவோம். இவர பக்கத்துல விடறதில்ல.”

“வீட்டுக்காரர்மேல அவ்வளவு சந்தேகமாம்மா?”

“சந்தேகம்லாம் இல்ல சார். நல்ல மனுஷன். ஆனா கவனம் பத்தாது.”

அதிகாரி முதலாளியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சட்டைப் பையில் தொங்கிய அட்டையில், கண்ணை மூடியிருந்த அந்தப் படத்தையும் பார்த்தார். பிறகு நிதானமாக எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

“‘நிர்வாகத்தைச் சாராத, தொடர்ச்சியான, கடுமையான கண்காணிப்பு உள்ளது.’ இந்த மாதிரி ஏற்பாடு நான் வேற எங்கயும் பாத்ததில்ல.”

“இது எங்க யோசனைதான் சார்” என்றார் ஆலோசகர்.

சான்றிதழ் வந்தது. முதலாளி மறுபடியும் பெட்டியின் மேல் ஏறினார். நம்பிக்கை என்பது என்ன என்பதைப் பற்றி நெடுநேரம் பேசினார். இந்த முறை இயந்திரங்களை நிறுத்தியிருந்ததால் தப்பிக்க யாருக்கும் வழியில்லை. மாமனார் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பக்கத்தில் முதலாளியின் அப்பா உட்கார்ந்து, மகன் இவ்வளவு பேசுவான் என்று தனக்கே தெரியாது என்று வருத்தப்பட்டார். வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டரை உறுதி செய்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இனி நம் கண்டெய்னர் முன் துறைமுகத்தின் கதவுகள் தாமாகத் திறக்கும் என்று முதலாளி முழங்கினார். அன்றே முதல் கண்டெய்னர், மனைவி எண் பார்த்துக் கொடுத்த முத்திரையோடு, பூமாலை போடாத குறையாக வழியனுப்பப்பட்டது.

நம்பிக்கைக்குரியவர்களின் கண்டெய்னரையும் எப்போதாவது ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துத் திறந்து பார்ப்பது துறைமுகத்தின் வழக்கம். இந்தக் கண்டெய்னரை எடுத்தார்கள். திறந்தார்கள். உள்ளே ஹேங்கர் இருந்தது.